மாத்திரையை நிறுத்துறதுக்கும் ஒரு முறை இருக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். வீட்டுக்காரக விசைப்படகுல கூலிக்குப் போறாக, நான் வீட்டோட தையல் மிஷின் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். பத்திரிகைக்கு இதுவரைக்கும் எழுதினது கிடையாது, செல்லுல டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திப் போட்டுக்கங்க, ஆனா விஷயத்தை மட்டும் குறைச்சிராதீங்க.

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தக வந்தாக. ரொம்ப நேரம் வேற கதையா பேசிட்டு, போறப்ப வாசல்ல நின்னு மெதுவா கேக்குறாக, "உன் வீட்டுக்காரருக்கு குடுத்தாகள்ல அந்த மனசு மாத்திரை, மிச்சம் கிடந்தா ஒரு அட்டை குடுடி, ராத்திரி பூரா தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது"ன்னு. உண்மையச் சொல்றேன் ஐயா, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பாதி அட்டை கிடந்துச்சு, எனக்குக் கை அங்கதான் போச்சு. பாசத்துல போச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அக்கா நெஞ்சு வலிக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாக, பிரஷருக்கு நீர் பிரியுற மாத்திரையும் சாப்பிடுறாக. அது ரெண்டு கூடவும் இதைச் சேத்தா கவனமா இருக்கணும்னு எங்க டாக்டர் சொன்னது மண்டையில ஓடுச்சு. குடுக்கல. உக்கார வச்சு எங்க வீட்டுக் கதையை முழுசா சொன்னேன். அன்னைக்கு அக்காகிட்ட சொன்னதைத்தான் இப்ப உங்களுக்கும் எழுதுறேன், ஏன்னா அந்தக் கேள்வி அக்காவோட நிக்காது, இந்தக் கரையில மண்டபத்துல இருந்து மூக்கையூர் வரைக்கும் எத்தனை வீட்டுல இது நடக்குதோ.

எங்க வீட்டுக்காரகளுக்கு வந்தது திடீர்னு வந்த நோய் இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதுல வழக்கமாவே கடன் ஏறும். அந்த வருசம் தடை முடிஞ்சு கடலுக்குப் போன கொஞ்ச நாள்லயே அவுக போற படகை இலங்கைக்காரன் புடிச்சுட்டான், அன்னைக்குன்னு பாத்து அவுக காச்சல்ல வீட்டுல படுத்திருந்தாக, கூடப் போறவுக உள்ள போயிட்டாக. "நான் மட்டும் இங்க படுத்திருக்கேனே"ன்னு ஆரம்பிச்சதுதான். சாப்பாடு குறைஞ்சுது, விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருப்பாக, வேற படகுக்குக் கூப்பிட்டாலும் போகல, செவுத்தையே பாத்துக்கிட்டு இருப்பாக. பிள்ளைக கேட்டா பதில் வராது. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு மாமியார் சொன்னாக, ஓரியூர் போய் மெழுகுவத்தி ஏத்துனோம், ஏர்வாடி தர்காவுக்கும் போனோம். சாமிய நான் குறை சொல்லல, அங்க உக்காந்திருந்தப்பதான் அவுக முதமுதல்ல வாய்விட்டு அழுதாக, அதுவே எனக்குப் பெரிசு. ஆனா அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போயிருக்கணும், மூணு மாசம் கழிச்சுத்தான் போனோம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்தாக, மனச்சோர்வுக்கு எஸிட்டலோபிராம்னு ஒரு மாத்திரை, முதல்ல 5 எம்ஜி, அப்புறம் 10 எம்ஜி எழுதிக் குடுத்து "தினம் ராத்திரி ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொன்னாக. அவ்வளவுதான். வெளியில அத்தனை பேரு வரிசையில நிக்கிறாக, அவரையும் குத்தம் சொல்ல மனசு வரல. மருந்து கட்டுற இடத்துலயும் யாரும் ஒண்ணும் சொல்லல. இந்த மாத்திரை கேக்க எத்தனை நாள் ஆகும், முதல் வாரம் என்ன பண்ணும், எதோட சேக்கக் கூடாது, எப்ப நிறுத்தணும், எப்படி நிறுத்தணும், இது எதுவுமே தெரியாம அட்டையை மடியில கட்டிக்கிட்டு பஸ் ஏறினோம். எங்களுக்கு வந்த கஷ்டம் முழுக்க இந்தத் தெரியாமையில இருந்து வந்ததுதான்.

முதல் வாரம் வாந்தி வர்ற மாதிரியே இருந்துச்சு அவுகளுக்கு. பதினாலு வயசுல இருந்து கடலுக்குப் போற மனுசன், எந்தக் கச்சான் காத்துலயும் குமட்டினது கிடையாது, படகுல குனிஞ்சு நின்னா கூட இருக்கவுக என்ன நினைப்பாக. தலைவலி, வயித்தால போறது, படபடப்பு வேற முன்ன இருந்ததை விட கூடிருச்சு. "மருந்து குடிச்சு நோய் கூடுதே, இதென்ன மருந்து"ன்னு கேட்டாக. இதெல்லாம் முதல் ஒண்ணு ரெண்டு வாரம் நிறைய பேருக்கு வர்றதுதான், சாப்பிட்டுட்டுப் போட்டா குமட்டல் குறையும், பெரும்பாலும் தானா அடங்கிரும், தாங்க முடியலைன்னா மாசம் முடியட்டும்னு காத்திருக்காம முன்னாடியே போய் டாக்டரைப் பாக்கலாம். இந்த நாலு வரிய அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

இன்னொண்ணு, இது தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்துல கேக்காது. ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் ஆகும் லேசா வித்தியாசம் தெரியவே, முழுசா தெரிய ஆறு எட்டு வாரம் கூட ஆகலாம். பத்தாம் நாளே "கேக்கல"ன்னு தூக்கிப் போட்டவுக எங்க ஊருலயே எனக்குத் தெரிஞ்சு இருக்காக. ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டா சீக்கிரம் கேக்கும்னு நினைச்சவுகளும் இருக்காக, அது அதைவிட ஆபத்து.

இப்ப சொல்லப் போறது கடலுக்குப் போறவுக வீட்டுக்குன்னே உள்ள விஷயம், பட்டணத்து டாக்டருக்கு இது தோணவே தோணாது. வீட்டுக்காரக மறுபடி வேற படகுல போக ஆரம்பிச்சாக. வாரத்துல மூணு நாள் டோக்கன், அதான் கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு, போனா அன்னைக்கு ராத்திரி கடல்லதான், மறுநாள் காலையில கரை. மாத்திரையோ ராத்திரி மாத்திரை. அட்டையைப் படகுக்குக் கொண்டு போக மாட்டாக, கூட இருக்கவுக பாத்தா என்ன மாத்திரைன்னு கேப்பாகளேன்னு வெக்கம். அப்ப வாரத்துக்கு மூணு ராத்திரி மாத்திரை கிடையாது! ஒரு நாள் போடுறது ஒரு நாள் விடுறது, ஒரு நாள் நல்லா இருக்காக ஒரு நாள் எரிஞ்சு விழுறாக, நான் மருந்தே சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அடுத்த தடவை போனப்ப அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தாக, அவுகதான் பொறுமையா "நீங்க என்ன வேலைக்குப் போறீங்க, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, எப்ப திரும்புவீங்க"ன்னு கேட்டாக. கேட்டுட்டு, அப்படின்னா இதைக் காலையில மாத்திக்கலாம், கடலுக்குக் கிளம்புற முன்னாடி சாப்பிட்டுட்டுப் போட்டுட்டுப் போங்க, மறுநாள் கரைக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போடுங்க, ஏதாவது ஒரு நாள் மறந்துட்டா அடுத்த நாள் ஒண்ணுதான் போடணும், விட்டதுக்கும் சேத்து ரெண்டு போடக் கூடாதுன்னு சொன்னாக. அந்த ஒரு கேள்விதான் எங்க வீட்டைத் திருப்பி வச்சுது. (எல்லாருக்கும் காலையிலதான்னு எடுத்துக்காதீங்க, சிலருக்கு இதே மாத்திரை தூக்கம் கொண்டு வரும், அவுகளுக்கு ராத்திரிதான் சரி, உங்க வேலையச் சொல்லி கேட்டுக்கங்க. முதல் ரெண்டு மூணு வாரம் கிறுகிறுப்பு இருந்தா இன்ஜின் கிட்டயும் வலையைச் சுத்தி இழுக்குற வின்ச் கிட்டயும் வேற ஆளை நிக்கச் சொல்லுங்க.)

அஞ்சாவது வாரம் ஒரு சாயங்காலம் தானா எந்திரிச்சு கிழிஞ்சு கிடந்த வலையை எடுத்துப் போட்டு கட்ட உக்காந்தாக. நான் அடுப்படியில நின்னு சத்தம் வராம அழுதேன்.

நாலு மாசம் போச்சு. ஆளு பழைய ஆளு. அப்பதான் நாங்க பண்ணுன பெரிய தப்பு. மாத்திரை தீந்துச்சு, ராமநாதபுரம் போக ஒரு நாள் பொழப்பு போகும், பஸ் காசு போகும், "அதான் நல்லாயிட்டேனே, இன்னும் எதுக்கு, பழகிப் போயிரும்"ன்னு அவுக சொன்னாக, பக்கத்துல இருக்கவுகளும் "ரொம்ப நாள் சாப்பிட்டா அடிமையாயிருவ"ன்னு ஏத்தி விட்டாக, நானும் சரின்னுட்டேன். மூணாவது நாள் கடல்ல இருந்து வந்தவுக முகமே சரியில்ல. தலையைத் திருப்புனா தலைக்குள்ள சுளீர் சுளீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்காம், கிறுகிறுன்னு வருதாம், வலை இழுக்குறப்ப கால் தடுமாறி விளிம்புல போய் சாஞ்சிருக்காக, கூட நின்ன பையன் சட்டையைப் புடிச்சு இழுத்திருக்கான். ராத்திரி கண்ணை மூடுனா கெட்ட கெட்ட கனவு, வேர்வை, காரணமே இல்லாம கோவம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விட்டாக. நான் நினைச்சேன் நோய் திரும்பிருச்சுன்னு, அவுக நினைச்சாக போதை மருந்து மாதிரி அடிமையாயிட்டோம்னு. ரெண்டும் இல்லையாம் ஐயா.

அந்த டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மூளையில நரம்புக்கு நரம்பு சேதி கொண்டு போற சாமான்ல ஒண்ணு செரோட்டோனின். ஒரு நரம்பு அதை வெளிய விட்டுட்டு திரும்ப உறிஞ்சிக்கும், இந்த மாத்திரை அந்த உறிஞ்சுறதைக் குறைக்குது, அப்ப அது கொஞ்சம் கூடுதலா அங்கேயே நிக்குது. அதுக்கு மூளை பைய பைய பழகி தன்னை மாத்திக்க சில வாரம் ஆகுது, அதனாலதான் கேக்க லேட். அதே மாதிரி திடீர்னு மாத்திரை இல்லைன்னா அந்தப் பக்கம் மாறவும் அதுக்கு நாள் வேணும், அது வரைக்கும்தான் இந்தக் கரண்ட் அடிக்கிறதும் கிறுகிறுப்பும். விட்ட ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள தொடங்கும், மாத்திரைக்கு மாத்திரை மாறும், பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி மாத்திரையில கூடுதலா வரும், ஃப்ளூவாக்ஸிடின் உடம்புல ரொம்ப நாள் தங்குறதால அதுல குறைச்சலா இருக்கும். அடிமைன்னா வேற, அடிமையானவன் போதைக்காக இன்னும் இன்னும்னு அளவைக் கூட்டிக்கிட்டே போவான், இதுல போதையும் கிடையாது அந்த ஏக்கமும் கிடையாது. தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற அல்பிரஸோலம், குளோனஸிபம் இருக்கே, அதுதான் நாள்பட்டா அடிமையாக்கும், அதை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல போடக் கூடாது. ஊர்ல ரெண்டையும் சேத்து "தூக்க மாத்திரை"ன்னு ஒரே பேரு வச்சு பேசுறோம், அதுல இருந்துதான் பாதி பயம் வருது.

மறுபடி ஆரம்பிச்சாக, நல்லானதுக்கு அப்புறமும் ஒன்பது மாசம் விடாம சாப்பிட்டாக. முதல் தடவை வந்தவுகளுக்கு நல்லா ஆன பிறகு குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரணும்னு சொல்றாக, ரெண்டு மூணு தடவை வந்தவுகளுக்கு ரெண்டு வருசம், அதுக்கு மேலயும் ஆகலாம். நல்லா இருக்கப்ப எதுக்கு மருந்துன்னு கேட்டா, காயம் மேல மூடியிருக்கு உள்ள ஆறணும்ல, அதுக்குத்தான். அப்புறம் 10ல இருந்து 5, அதுல இருந்து பாதி, ஒவ்வொரு படியிலயும் சில வாரம்னு ரெண்டு மாசம் எடுத்து நிறுத்துனாக. இந்தக் கணக்கு எங்க வீட்டுக்காரகளுக்கு எழுதிக் குடுத்தது, உங்களுக்கு வேறயா இருக்கும், இதைப் பாத்து யாரும் வீட்டுல குறைக்காதீங்க. இவுக இப்ப எல்லார்கிட்டயும் சொல்ற ஒரு வார்த்தை, "கரைக்கு வர்றப்ப இன்ஜினை படிப்படியாத்தானே குறைக்கிறோம், ஒரேயடியா ஆஃப் பண்ணா படகு எதுல போய் முட்டும்னு சொல்ல முடியுமா"ன்னு.

அடுத்து மத்த மாத்திரையோட சேர்றது. எங்க பக்கம் வலை இழுத்து இழுத்து இடுப்பு வலி இல்லாத ஆம்பளை கிடையாது, டைக்ளோஃபினாக் ஊசியும் மாத்திரையும் சோறு மாதிரி. இந்த மனசு மாத்திரையோட அதையும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையையும் சேத்துப் போட்டா வயித்துக்குள்ள ரத்தம் கசியுற வாய்ப்பு கூடும், மலம் தார் மாதிரி கருப்பா போனா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலிக்குக் குடுக்குற டிரமடால், சில இருமல் டானிக்ல இருக்க டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், லினஸோலிட்னு ஒரு ஆன்டிபயாடிக், இதுல எது இந்த மனசு மாத்திரையோட சேந்தாலும் செரோட்டோனின் அளவுக்கு மீறி ஏறலாம், காச்சல், கை கால் உதறல், விரைப்பு, கொட்டுற வேர்வை, வயித்தால போறது, ஆளு நிலை இல்லாம தவிக்கிறதுன்னு வரும், அப்ப நாளைக்குப் பாக்கலாம்னு வச்சிருக்கக் கூடாது, உடனே 108. இது எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண முடியாது, நானே பண்ணல. எங்க போனாலும், பல்லு புடுங்கப் போனாலும், "நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்"னு அட்டையை எடுத்துக் காட்டுங்க, அது போதும். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

சரக்கு பத்தி எங்க வீட்டுலயே பெரிய சண்டை நடந்துச்சு. கரைக்கு வந்ததும் குடிக்கிறது எங்க பக்கம் வழக்கமாப் போச்சு. குடி மனச்சோர்வைக் கூட்டும், மாத்திரையோட சேந்து மயக்கத்தையும் கூட்டும். "இன்னைக்குக் குடிக்கிறேன் அதனால மாத்திரை வேணாம்"னு விடுறதும் தப்பு, அது அந்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் கதைதான். எத்தனை சண்டை ஆனாலும் டாக்டர்கிட்ட உண்மைய சொல்லிருங்க, அவுக திட்டுறதுக்கு இல்ல.

வயசானவுக வீட்டுல இருந்தா இதைக் கவனிங்க. எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா, இதே வகையில செர்ட்ராலின்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சு மூணாவது வாரம் ஆளு பேரு தெரியாம உளற ஆரம்பிச்சாக, நடக்குறப்ப விழுந்துட்டாக, பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாக. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தா உடம்புல சோடியம், அதான் உப்பு, குறைஞ்சு கிடந்திருக்கு. இந்த வகை மாத்திரை வயசானவுகளுக்கு அப்படிப் பண்ணலாம், பிரஷருக்கு நீர் மாத்திரையும் கூட சேந்தா இன்னும் வாய்ப்பு அதிகம். உப்புத் தண்ணி கரையில பொறந்து வளந்த எங்களுக்கு இது யாருக்குத் தெரியும் சொல்லுங்க. வீட்டுலயே உப்பைக் கரைச்சுக் குடுத்து சரி பண்ணப் பாக்காதீங்க, அது பிரஷரை ஏத்திவிடும், டாக்டர்தான் அளவு பாத்து சரி பண்ணணும்.

அதே மாதிரி 25 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை ஆரம்பிக்கிறப்பவும், அளவு மாத்துறப்பவும் முதல் சில வாரம் பெத்தவுக கண்ணு அங்கதான் இருக்கணும். சில பிள்ளைகளுக்கு சாகணும்கிற நினைப்பு அந்த நேரம் கூடலாம்னு அமெரிக்காவுல 2004லயே சின்னப் பிள்ளைகளுக்கும், 2007ல 24 வயசு வரைக்கும் சேத்தும், மருந்தோட வர்ற குறிப்புல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சிட்டாக. அதுக்காக மருந்தே வேணாம்னு அர்த்தம் இல்ல, தனியா விடாதீங்க, மாத்திரை அட்டையை உங்க கையில வச்சு தினம் ஒண்ணு எடுத்துக் குடுங்க. அமிட்ரிப்டிலின்னு ஒரு பழைய மாத்திரை இருக்கு, அதுல அளவு மீறுனா இதயத்தையே நிறுத்திரும், அது வீட்டுல இருந்தா பூட்டித்தான் வைக்கணும். யாராவது கூடுதலாப் போட்டுட்டா போலீஸ் கேஸ் ஆகுமேன்னு மறைச்சு வச்சு நேரத்தைக் கடத்தாதீங்க ஐயா, இதை ரொம்பக் கெஞ்சி கேக்குறேன், 2017 மனநலச் சட்டமே தற்கொலைக்கு முயற்சி பண்ணுனவுகளை கடும் மன அழுத்தத்துல இருந்தவுகளாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. 108ஐக் கூப்பிடுங்க, எந்த மாத்திரை எத்தனைன்னு உள்ளதைச் சொல்லுங்க.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ஆளு திடீர்னு ராத்திரி தூங்காமலே சுறுசுறுப்பா, நிறுத்தாம பேசிக்கிட்டு, கடன் வாங்கிப் படகே வாங்குறேன்னு கிளம்புனா, "ஆகா நல்லாயிட்டாக"ன்னு சந்தோசப்படாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அது வேற வகை நோயோட அடையாளமா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற. முழுகாம இருக்கவுகளும் பால் குடுக்குறவுகளும் பயந்துபோய் தானா நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா பிள்ளைக்கு ஏத்த மாதிரி பாத்து எழுதுவாக. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து அக்கா தங்கச்சிமாருக நோன்பு மாசத்துக்கு முன்னாடியே போய் கேட்டுக்கங்க, தினம் ஒரு வேளை மாத்திரைன்னா நோன்பு திறந்த பிறகோ விடியுற முன்னாடி சாப்பிடுற சஹர் நேரத்துலயோ மாத்திக்க பெரும்பாலும் வழி இருக்கு, நோன்புக்காக ஒரு மாசம் விட்டுற வேண்டியதில்ல. வளைகுடாவுக்குப் போறவுக டாக்டர் சீட்டை கையோட கொண்டு போகணும், சில மாத்திரைக்கு அங்க கெடுபிடி ஜாஸ்தி.

இலங்கையில புடிபடுறவுக கதை எனக்கு ராத்திரி எல்லாம் மனசுல ஓடும். மாத்திரை வீட்டுப் பரண்ல, ஆளு யாழ்ப்பாணம் ஜெயில்ல. அன்னைக்கு வீட்டுக்காரக மாத்திரை சாப்பிடுற காலத்துல மாட்டியிருந்தா மூணாம் நாள் அந்தக் கரண்ட் அடிக்கிறது ஜெயிலுக்குள்ள வந்திருக்கும், அங்க யாருகிட்ட என்னன்னு சொல்லியிருப்பாக. அதனால மனசு மாத்திரையோ சுகர் மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ, மருந்து சீட்டோட ஒரு நகல் வீட்டுல இருக்கணும், ஆளு உள்ள போயிட்டா மீனவர் சங்கத்து மூலமா யாழ்ப்பாணத்துல இருக்க இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு மருந்து பேரும் அளவும் எழுதி அனுப்பணும். சங்கத் தலைவருங்க மனு எழுதுறப்ப படகு நம்பரோட இதையும் சேத்து எழுதுங்க.

ஐயா, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகத்துல தீப்பிடிச்சப்ப நான் பிளஸ் டூ முடிச்ச நேரம். சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேரு ஓட முடியாம செத்தாக. நம்ம மாவட்டத்துப் பேரை உலகம் பூரா அப்படித்தான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நிறைய மாறியிருக்கு, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு, ராமநாதபுரத்துல 2022ல இருந்து மெடிக்கல் காலேஜே இருக்கு, கட்டிப் போடுறதை சட்டமே தடுக்குது. ஆனா மாத்திரை கைக்கு வந்தும் அதை எப்படிச் சாப்பிடணும்னு சொல்ல ஒரு ஆளு இல்லைன்னா அந்தத் திட்டம் பாதி வழியில நிக்குது.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. சுகருக்கும் பிரஷருக்கும் மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீடு தேடி மாத்திரை வருது, எங்க தெருவுக்கே வர்றாக. அதே பையில டாக்டர் எழுதிக் குடுத்தவுகளுக்கு மனசு மாத்திரையும் மாசாமாசம் வந்தா பஸ் காசுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து யாரும் பாதியில விட மாட்டாக, வர்ற அந்தப் பிள்ளையே "விடாம சாப்பிடுறீகளா, குமட்டுதா, தூக்கம் வருதா"ன்னு ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போகும். மருந்து கட்டுற இடத்துல தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு குடுக்கட்டும், எத்தனை வாரத்துல கேக்கும், விட்டுப் போனா என்ன செய்யணும், தானா நிறுத்தக் கூடாதுன்னு பெரிய எழுத்துல போட்டு. மெடிக்கல் கடைக்காரக அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மாத்திரை இது, அட்டையிலயே சிவப்புக் கோடு போட்டிருக்கு, பழைய அட்டையைக் காட்டுனா எடுத்துக் குடுத்துறாதீங்க, "டாக்டரைப் பாத்து எத்தனை நாளாச்சு"ன்னு கேளுங்க. டாக்டருங்க தயவுபண்ணி எங்க ஆளுகளைப் பாத்தா என்ன வேலை, எத்தனை மணிக்குக் கடலுக்குன்னு கேளுங்க.

நடுராத்திரியில யாருகிட்ட பேசன்னு தவிக்கிறவுகளுக்கு அரசாங்கத்தோட மனநல உதவிக்கு 14416 நம்பர் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசுறாக, மருத்துவ உதவிக்கு உள்ள 104லயும் கேக்கலாம். இந்த ரெண்டு நம்பரையும் உங்க பத்திரிகையில தினம் ஒரு மூலையில போட்டாலே புண்ணியமா இருக்கும்.

என் பேரைப் போட வேணாம்னு கேட்டுக்கிறேன். வீட்டுக்காரக "போடு, நான் என்ன களவாண்டேனா"ன்னுதான் சொல்றாக, ஆனா மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம், ஊரு இன்னும் அந்த அளவுக்கு மாறல. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி கிடந்த அட்டையை ஆஸ்பத்திரி பார்மஸியில திருப்பிக் குடுத்துட்டேன். அக்காவை மறுநாளே ராமநாதபுரம் கூட்டிட்டுப் போனேன், மாத்திரை எழுதுற முன்னாடி தைராய்டும் உப்பும் பாக்கணும்னு ரத்தம் எடுத்திருக்காக, செவ்வாக்கிழமை ரிசல்ட் வாங்கப் போறோம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மனைவி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.